‘ஆப்தாலஜி’யா, ‘ஆஃப்தல்மாலஜி’யா?

ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

“வணக்கம் அக்கா. திருநெல்வேலியில் நர்ஸிங் படித்தேன். கல்யாணமாகி மொரிஷியஸ் வந்து இப்போது ஒரு தனியார் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். ஒரு பேஷன்ட்டைக் கண் டாக்டரிடம் அனுப்பப் போன் போட்டு ‘ஆப்தாலஜி’ என்றேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. எங்கள் டாக்டர் அந்தச் சொல்லைப் பிரெஞ்சில் ஒரு விதமாகச் சொல்கிறார், சார்ஜ் நர்ஸ் இங்கிலீஷில் வேறு விதமாகச் சொல்கிறார். கடிதத்தில் எழுதினால் ஒருவர் ஒரு எழுத்தை அடிக்கிறார், இன்னொருவர் சேர்க்கிறார். எது சரி? அந்தச் சொல்லில் எத்தனை சிலபிள்? எங்கே வெட்டிப் படிப்பது? ஊரில் இதையெல்லாம் மனப்பாடம் செய்தே பாஸ் பண்ணிவிட்டோம். இன்னொன்று, ‘மெட்ராஸ் ஐ’ என்று சொன்னால் இங்கே யாருக்குமே புரியவில்லையே, என்ன சொல்ல வேண்டும்?”

அன்புத் தங்கைக்கு,

சிரித்தவரை விடுங்கள். அவரை எழுதச் சொன்னால் எத்தனை ஹெச் போடுவார் என்று பார்க்க எனக்கும் ஆசைதான். நர்ஸிங் மாணவர்களுக்குக் கலைச்சொல் வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தத் தீவில் எல்லோரும் தடுக்கி விழும் சொற்களில் இது ஒன்று. இங்கிலீஷ் ஒரு பக்கமும் பிரெஞ்சு ஒரு பக்கமும் இழுக்கும்போது நடுவில் நிற்கும் நர்ஸின் வாய்தான் கோணிப்போகிறது.

முதலில் நீங்கள் சொன்னதையே எடுத்துக்கொள்வோம். ‘ஆப்தாலஜி’யில் இரண்டு கோளாறு இருக்கிறது. ‘ஃப்’ வர வேண்டிய இடத்தில் ‘ப்’ வந்துவிட்டது, அது சின்னக் கோளாறு. நடுவில் ‘மா’ என்ற ஒரு முழுத்துண்டே காணாமல் போய்விட்டது, அதுதான் பெரியது. இங்கிலீஷில் அந்தச் சொல் ஆஃப்-தல்-மா-ல-ஜி. மொத்தம் ஐந்து சிலபிள். உங்கள் வாயில் வந்தது நான்கு.

எத்தனை சிலபிள் என்று எண்ணுவதற்குத் தமிழ் எழுத்து தெரிந்த நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. சொல்லைக் காதில் விழுகிறபடியே தமிழில் எழுதுங்கள். புள்ளி வைத்த எழுத்தையும் ஆய்தத்தையும் தள்ளிவிடுங்கள். மீதி நிற்கிற உயிரும் உயிர்மெய்யும் எத்தனையோ, சிலபிளும் அத்தனை. ஆஃப்தல்மாலஜி என்பதில் ஃ, ப், ல் மூன்றும் போனால் ஆ, த, மா, ல, ஜி என்று ஐந்து நிற்கின்றன. ‘ஆப்தாலஜி’யில் ப் போனால் ஆ, தா, ல, ஜி, நான்குதான். எங்கே விட்டோம் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

இதை யாப்பிலக்கண அசையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பள்ளியில் படித்த நேரசை, நிரையசைக் கணக்கு வேறு. ‘மலர்’ என்பது நமக்கு ஒரே நிரையசை, சிலபிள் கணக்கில் அது ம, லர் என்று இரண்டு. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தமிழில் எழுதும்போது நாம் நம் வசதிக்கு ஓர் உயிரைச் செருகிவிடுவோம். ‘கிளாக்கோமா’ (கண் அழுத்த நோய்) என்று எழுதினால் கி, ளா, கோ, மா என்று நான்கு வரும். உண்மையில் அது ‘க்ளாக்கோமா’, மூன்றே சிலபிள். அந்தக் ‘கி’ நாம் போட்ட மொய். அதனால் காதில் விழுந்தபடி எழுதுங்கள், பத்திரிகையில் பார்த்தபடி வேண்டாம்.

இனி பொருள் பார்த்து வெட்டுவோம். கிரேக்கத்தில் ‘ஒஃப்தல்மோஸ்’ என்றால் கண். ‘லோகோஸ்’ என்றால் சொல், விளக்கம். அதிலிருந்து வந்த ‘-லஜி’ ஒரு துறையின் படிப்பைக் குறிக்கிறது. ‘ஒஃப்தல்ம்’ என்ற வேர், ‘லஜி’ என்ற வால், இரண்டுக்கும் நடுவே ஒட்டுப்போட ஓர் ‘ஓ’. அவ்வளவுதான் இந்தச் சொல்.

இப்போது கவனியுங்கள். பொருள் பார்த்து வெட்டினால் ஆஃப்தல்ம் + ஓ + லஜி. புத்தகத்தில் சிலபிள் கோடு போட்டிருக்கும் இடமோ வேறு: நடுத்துண்டு ‘மால்’ என்று ‘லஜி’யின் எல்-லையும் இழுத்துக்கொண்டு நிற்கும். இரண்டு வெட்டும் ஒரே இடத்தில் விழாததைப் பார்த்து மாணவர்கள் மிரண்டுபோவார்கள். வெண்பாவை அலகிட்டுப் படித்தவர்களுக்கு இதில் அதிசயம் இல்லை. சீர் பிரிக்கும்போது சொல் நடுவில் உடைந்தாலும் வகையுளி என்று சொல்லிவிட்டுப் போவோமே, அதே கதைதான். வாய்க்கு ஒரு வெட்டு, பொருளுக்கு ஒரு வெட்டு. இரண்டும் தெரிந்திருக்க வேண்டும், ஒன்றை வைத்து மற்றதைத் திருத்தப் போகக் கூடாது.

அந்த ஒட்டுப்போடும் ‘ஓ’வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்னால் வருவது மெய்யொலியில் தொடங்கினால் ஓ இருக்கும்: ஆஃப்தல்மோஸ்கோப். உயிரொலியில் தொடங்கினால் ஓ விழுந்துவிடும்: ஆஃப்தல்மைட்டிஸ். முன்னால் வேறொரு துண்டு வந்து சேர்ந்தாலும் இதே சட்டம். ‘ஸீரோ’ என்றால் உலர்ந்த என்று பொருள். அதோடு ஆஃப்தல்மியா (கண் அழற்சி) சேரும்போது இரண்டு ஓ வராது, ஒன்றுதான் நிற்கும்: ஸீராஃப்தல்மியா. வைட்டமின் ஏ குறைவால் கண் உலர்ந்து கெடும் அந்த நோயை ஊரில் குழந்தைகள் வார்டில் படித்திருப்பீர்கள். எழுதும்போது இரண்டு ஓ போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், டாக்டர்கள் உட்பட.

வேர் ஒன்று கையில் இருந்தால் குடும்பமே கைக்கு வரும். ‘எக்ஸ்’ என்றால் வெளியே, அதனால் எக்ஸாஃப்தல்மாஸ் என்றால் கண் வெளியே பிதுங்கி நிற்பது. தைராய்டு அதிகமாகும் கிரேவ்ஸ் நோயில் பார்த்திருப்பீர்கள். ‘எண்டோ’ என்றால் உள்ளே, ‘-ஐட்டிஸ்’ என்றால் அழற்சி. எண்டாஃப்தல்மைட்டிஸ் என்றால் கண்ணுக்கு உள்ளேயே அழற்சி, பெரும்பாலும் கிருமித் தொற்றினால். கண்புரை ஆபரேஷன் முடிந்த பேஷன்ட் கண்வலி, பார்வை மங்கல் என்று போன் செய்தால் நம் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்குவது அதை நினைத்துத்தான். இந்தச் சொல்லை உளறினாலும் பரவாயில்லை, பேஷன்ட்டை உடனே அனுப்பி வையுங்கள்.

இந்தச் சொற்களை எல்லாம் பழைய கிரேக்கர்களே பேசிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ‘ஒஃப்தல்மியா’ அவர்கள் வாயிலேயே இருந்த சொல்தான். மற்றவற்றில் பலவும் பின்னாளில் ஐரோப்பிய டாக்டர்கள் கிரேக்கச் செங்கல்லை எடுத்துக் கட்டியவை. கண்ணின் உள்ளே பார்க்கும் கருவியை ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் நூலாக வெளியிட்டபோது அதற்கு அவர் வைத்த பெயர் தாய்மொழியில் ‘கண்ணாடி’ என்பது போன்ற எளிய சொல்தான்: ‘ஔகென்ஷ்பீகல்’, அதாவது கண்ணுக்கான ஆடி. ஆஃப்தல்மோஸ்கோப் என்ற கிரேக்க உடுப்பு பிறகு வந்தது.

இப்போது நடுவில் வரும் அந்தச் சிக்கலான ‘ஃப்த்’துக்கு வருவோம். உங்களைப் பார்த்து அவரைச் சிரிக்க வைத்ததில் அதற்கும் பங்கு உண்டு, எழுத்தைக் கூட்டிக் குறைக்க வைப்பதும் அதுதான்.

கிரேக்கத்தில் அது இரண்டே எழுத்து: ஃபை, தீட்டா. ரோமர்களிடம் அந்த ஒலிகளுக்கு எழுத்து இல்லை. ஃபைக்குப் பதில் பி-ஹெச், தீட்டாவுக்குப் பதில் டி-ஹெச் என்று ஆளுக்கு ஒரு ஹெச் கொடுத்து எழுதினார்கள். அந்த எழுத்துக்கூட்டலை இங்கிலீஷ் அப்படியே வைத்துக்கொண்டது. ஆகவே இங்கிலீஷில் ஓ, பி, ஹெச், டி, ஹெச், ஏ, எல், எம் என்று போகும். இரண்டு ஹெச். ஊரில் பலரும் முதல் ஹெச்சை விழுங்கி ‘ஓ, பி, டி, ஹெச்’ என்று எழுதுவார்கள். கண்ணாடிக்கடைப் போர்டில் ‘ஆப்டிகல்ஸ்’ என்று பார்த்துப் பார்த்து வந்த பழக்கமாக இருக்கும் என்பது என் எண்ணம். ஆப்டிக்கும் ஆஃப்தல்மாஸும் வேறு வேறு சொற்கள். ஆப்டிக் பார்வையைச் சேர்ந்தது, அதில் ஹெச் இல்லை.

பிரெஞ்சுக்காரர்களும் முன்பு இரண்டு ஹெச் போட்டுத்தான் எழுதினார்கள். பழைய பிரெஞ்சு நூல்களில் பார்க்கலாம். பிறகு இரண்டாவதைக் கழற்றிவிட்டார்கள். இன்றைய பிரெஞ்சில் ஓ, பி, ஹெச், டி, ஏ, எல், எம் என்றுதான் வரும், முடிவில் வை-க்குப் பதில் ஐ-ஈ. ஒரு வேடிக்கை: இரண்டிலும் எழுத்துகளை எண்ணினால் 13தான். எழுத்தை எண்ணித் தப்புக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே உங்கள் கடிதத்தில் எழுத்தை அடித்தவரும் சரி, சேர்த்தவரும் சரி. ஒருவர் பிரெஞ்சில் படிக்கிறார், மற்றவர் இங்கிலீஷில் படிக்கிறார். ஒரே கடிதத்துக்குள் இரண்டையும் கலப்பதுதான் தப்பு. கடிதம் இங்கிலீஷில் என்றால் இரண்டு ஹெச், பிரெஞ்சில் என்றால் ஒன்று. இந்த ஊரில் நம் குடும்பப் பெயர்களுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஆறுமுகம் பதிவேட்டில் ‘ஆர்மூகும்’ ஆனார், எழுதியபடியே பேரப்பிள்ளைகள் வாயிலும் நிலைத்துவிட்டது. கிரேக்கச் சொல்லும் லத்தீன் குமாஸ்தா, பிரெஞ்சுக் குமாஸ்தா, இங்கிலீஷ் குமாஸ்தா என்று பல கை மாறி வந்ததுதான்.

இந்த ‘ஃப்த்’ கூட்டணி வேறு சொற்களிலும் உண்டு. நமக்குப் பழக்கமான ‘டிப்தீரியா’ அதில் ஒன்று. குழந்தைகளின் தடுப்பூசி அட்டையில் தினமும் பார்க்கிறோம். அதுவும் முறையாகச் சொன்னால் டிஃப்தீரியா: டி, தீ, ரி, யா, நான்கு சிலபிள். கிரேக்கத்தில் ‘திஃப்தெரா’ என்றால் தோல். தொண்டையில் தோல்போலப் படலம் படிவதால் 1826-ல் ப்ரெத்தொனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் அந்த வேரிலிருந்து நோய்க்குப் பெயர் வைத்தார். இங்கும் இங்கிலீஷில் இரண்டு ஹெச், இன்றைய பிரெஞ்சில் ஒன்று. ஒன்றைப் பிடித்தால் மற்றதும் வரும்.

‘டிப்’, ‘ஆப்’ என்று சொல்வது படிக்காதவர் பேச்சு என்று யாராவது சொன்னால் தலையாட்ட வேண்டாம். இங்கிலீஷ் அகராதிகளே ‘ஆப்தல்’ என்பதை இரண்டாவது உச்சரிப்பாகக் கொடுத்திருக்கின்றன. பழைய கிரேக்கத்திலும் அந்த எழுத்துகள் ஃபகரமாக இல்லை, மூச்சுச் சேர்ந்த ப், த் ஆகத்தான் ஒலித்தன. தெலுங்கிலும் இந்தியிலும் இருக்கிறதே, அந்த மாதிரி. ஆனாலும் நர்ஸாக வேலை பார்க்கிற இடத்தில் ‘ஆஃப்’ என்றே பழகிக்கொள்ளுங்கள். கேட்பவர் இரண்டாவது முறை கேட்க வேண்டி வராது.

இதை வாயில் கொண்டுவர ஒரு வழி. விரலை உதட்டின் முன்னால் பிடியுங்கள். மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து ‘ஃப்’ என்று ஊதுங்கள். காற்று விரலில் படும். இப்போது காற்றை நிறுத்தாமல் நாக்கு நுனியைப் பல்லுக்குக் கொண்டுபோங்கள். இங்கிலீஷின் டி-ஹெச் ஒலியில் நாக்கு பல்லை அடைக்காது, இடுக்கில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். நாம் ‘தந்தி’ என்பதில் முதலில் சொல்கிற த அப்படி இல்லை, அது காற்றை அடைத்து விடுவது. ஆனால் ‘காது’ என்று சாதாரணமாகப் பேசிப் பாருங்கள். அங்கே து சொல்லும்போது நாக்கு முழுக்க ஒட்டுவதில்லை, உரசிக்கொண்டு போகிறது. நாக்கை அங்கேயே வைத்துத் தொண்டை அதிர்வை மட்டும் நிறுத்தி வெறும் காற்றை விடுங்கள். இங்கிலீஷ் டி-ஹெச் கிடைத்துவிடும். ஃப், அடுத்து அது. விரலில் காற்று எந்த இடத்திலும் அறுந்துபோகக் கூடாது.

பிரெஞ்சுக்கு இந்தப் பாடே இல்லை என்பதுதான் நல்ல செய்தி. பிரெஞ்சில் ஹெச் போனதோடு அந்தக் காற்றும் போய்விட்டது. மிச்சம் நிற்பது வெறும் டி எழுத்து. பிரெஞ்சு டி நம் தகரம்தான், பல்லில் நாக்கு ஒட்டும். இங்கிலீஷ் டி-ஹெச் வராமல் நாம் சாதாரணமாகச் சொல்கிற ‘ஒஃப்தல்’ பிரெஞ்சில் அச்சு அசலாகச் சரி. ஒஃப்-தல்-மொ-லொ-ஜி, அங்கும் ஐந்து சிலபிள். கடைசி ஜி-யில் மட்டும் நாக்கு அண்ணத்தைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ‘ஜூலை’யை இங்கே உள்ளவர்கள் பிரெஞ்சில் சொல்வதைக் கவனித்தால் பிடிபடும். டாக்டரைக் குறிக்க இங்கிலீஷில் ஆஃப்தல்மாலஜிஸ்ட், ஐந்து சிலபிள். பிரெஞ்சில் ஒஃப்தல்மொலோக், நான்கு. பேச்சில் அதையும் நறுக்கி ‘ஒஃப்தல்மோ’ என்பார்கள். நீங்கள் போனில் அப்படிக் கேட்டாலே போதும்.

அழுத்தம் வேறு சமாச்சாரம். தமிழில் எல்லாத் துண்டையும் ஏறக்குறைய ஒரே எடையில் சொல்லிப் பழகியவர்கள் நாம். இங்கிலீஷில் ஒரு துண்டு தலைதூக்கி நிற்க வேண்டும், மற்றவை அடங்கிப் போக வேண்டும். ‘-லஜி’ என்று முடிந்தால் அதற்குச் சற்று முன்னால் உள்ள துண்டில் அழுத்தம் விழும். கார்டி-யா-லஜி, நியூ-ரா-லஜி, ஆஃப்தல்-மா-லஜி. ‘-ஸ்கோப்பி’, ‘-கிராஃபி’, ‘-மெட்ரி’ எல்லாவற்றுக்கும் இதேதான். அதனால்தான் கருவி ஆஃப்-தல்-மோஸ்கோப், ‘தல்’லில் அழுத்தம், நான்கு சிலபிள். அந்தக் கருவியால் பார்ப்பது ஆஃப்தல்-மா-ஸ்கப்பி, அழுத்தம் ஒரு துண்டு தள்ளிப்போய்விடும். நீங்கள் தொலைத்த ‘மா’ அழுத்தம் விழுகிற துண்டு. காதில் முதலில் விழுவதே அதுதான், அது இல்லாமல் போனதால்தான் எதிர்முனையில் இருந்தவருக்குச் சொல் பிடிபடவில்லை. பிரெஞ்சில் இந்த ஏற்ற இறக்கம் இல்லை. எல்லாம் சமமாகப் போய் கடைசித் துண்டு மட்டும் லேசாக நீளும். நமக்கு அதுவும் தோது.

நம் கிளினிக்குகளில் இந்தச் சட்டம் மிகவும் உதவுகிற இடம் ரெட்டினாப்பதி, அதாவது விழித்திரை நோய். இந்தத் தீவில் பெரியவர்களில் சுமார் 5 பேருக்கு ஒருவருக்குச் சர்க்கரை நோய். ஆகவே கண் பரிசோதனைக்கு அனுப்பும் தாள்களில் இந்தச் சொல் வராத நாளே இருக்காது. ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் ‘ரெட்டினோ’ என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, ‘பதி’ என்பார்கள். ஏதோ ஸ்ரீபதி, பசுபதி போல. அது ரெட்டி-னா-ப்பதி, ஐந்து சிலபிள், அழுத்தம் ‘னா’வில். பிரெஞ்சில் ரெத்தினொபத்தி. ரெட்டினா லத்தீன், அங்கே வேர்ச்சொல்லுக்கு வலை என்று பொருள். ‘பதி’ கிரேக்கம், ‘பாத்தோஸ்’ என்றால் துன்பம், நோய். லத்தீன் தலைக்குக் கிரேக்க வால். மருத்துவத்தில் இந்த மாதிரிக் கலப்புக் கல்யாணம் ஏராளம், கன்ஜங்டிவைட்டிஸும் அப்படித்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் சிரிப்பு இல்லை, ஆபத்து இருக்கிறது. ஹைப்போ, ஹைப்பர். கிரேக்கத்தில் முன்னது கீழே, பின்னது மேலே. ‘க்ளைக்’ இனிப்பு, ‘ஈமியா’ ரத்தம். ஹைப்போக்ளைசீமியா என்றால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது, ஹைப்பர் என்றால் ஏறிவிட்டது. இங்கிலீஷிலேயே போனில் இரண்டும் ஒன்றுபோல் கேட்கும். பிரெஞ்சில் ஹெச் ஊமை, வை ஈகாரம். ஆகவே இப்பொக்ளிசெமி, இபெர்க்ளிசெமி. நடுவில் ‘பொ’வா, ‘பெர்’ரா என்பதுதான் வித்தியாசம். கிரியோல் வாயிலோ துண்டின் கடைசியில் வரும் அந்த ‘ர்’ கரைந்து உயிரோடு உயிராகப் போய்விடும். இரைச்சலான வார்டில், மாஸ்க்குக்குள்ளிருந்து, பாதி பிரெஞ்சில் இதைச் சொன்னால் யார் காதில் என்ன விழும்?

அதனால் இந்த ஒரு சொல்லை மட்டும் எந்த மொழியிலும் தனியாகச் சொல்லாதீர்கள். உச்சரிப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி. ‘சர்க்கரை இறங்கியிருக்கிறது’ என்பதைக் கேட்பவர் மொழியில் எளிய சொல்லால் சொல்லி, கூடவே எண்ணையும் சொல்லுங்கள். எண்ணிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஊரில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு, இங்கே லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்ற கணக்கு. அங்கே 70-க்குக் கீழே என்று நாம் பயப்படுவது இங்கே 3.9-க்குக் கீழே. மில்லிகிராமை 18-ஆல் வகுத்தால் மில்லிமோல். எண்ணோடு அலகையும் சேர்த்தே சொல்லிப் பழகிவிடுங்கள்.

மூக்கு, காது, தொண்டைப் பிரிவைப் பற்றிச் சுருக்கமாக. இங்கிலீஷ்காரர் ஈஎன்டி என்பார், பிரெஞ்சுக்காரர் ‘ஓ-எர்-எல்’ என்பார். அந்த மூன்று எழுத்துக்கும் பின்னால் இருப்பது ஓட்டோரைனோலாரிங்காலஜி: காது, மூக்கு, குரல்வளை, படிப்பு. புள்ளியைத் தள்ளி எண்ணிப் பாருங்கள், ஒன்பது வரும். இதை முழுசாகச் சொல்லச் சொல்லி யாரும் உங்களை வேலையிலிருந்து எடுக்கப் போவதில்லை. குரல்வளையில் மட்டும் ஒன்று: ‘லாரிங்காலஜி’ என்பதில் ஜி எழுத்து க-வாக ஒலிக்கும், ‘லாரிஞ்சைட்டிஸ்’ என்பதில் அதே எழுத்து ஜ-வாக மாறும். பின்னால் ஓ வந்தால் க, ஐ வந்தால் ஜ.

எல்லா மருத்துவச் சொல்லையும் வெட்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ப்ரௌன்-செக்கார் சிண்ட்ரோமில் எந்த வேரையும் தேட வேண்டாம். அது ஆள் பெயர், அதுவும் இந்த மண்ணின் ஆள். 1817-ல் போர்ட் லூயியில் பிறந்தவர். தண்டுவடம் ஒரு பாதி வெட்டுப்பட்டால் ஒரு பக்கம் கை கால் பலம் போகும், மறு பக்கம் வலியும் சூடும் தெரியாமல் போகும் என்று காட்டியவர். போ பாஸ்ஸேனில் உள்ள மனநல மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். உலகமெங்கும் மருத்துவ மாணவர்கள் ஒரு மொரிஷியஸ்காரர் பெயரைத் தப்பாக உச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசி டி ஊமை, நீங்களாவது ‘செக்கார்’ என்று சொல்லுங்கள்.

கண்ணுக்கென்று அரசு வைத்திருக்கும் மோக்கா மாவட்டத்து மருத்துவமனைக்குப் பெயர் சுப்பிரமணிய பாரதி கண் மருத்துவமனை. அங்கே அனுப்பும் தாளில் மேலே பாரதி பெயர், கீழே கிரேக்கம். பிரெஞ்சு வாய்க்கு ‘ப’-வோடு ஹெச் சேர்ந்து வருவது புதிர். அந்த வரிசையில் பாரதியின் பெயரை நம் வீட்டில் சொல்கிறபடி சொல்கிறவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். உச்சரிப்பில் எல்லா வெட்கமும் உங்கள் பக்கம் இருக்க வேண்டியதில்லை.

பேஷன்ட்டிடம் பேசும்போது இதில் எதுவும் வேண்டாம். இங்கே கண்ணுக்குக் கிரியோலில் ‘லிஸ்யே’. பிரெஞ்சின் ‘லே ஸ்யூ’, அதாவது கண்கள், முன்னொட்டோடு சேர்ந்து ஒரே சொல்லாகிவிட்டது. ‘மோ லிஸ்யே ஃபெர்மால்’ என்று ஒருவர் சொன்னால் என் கண் வலிக்கிறது என்று பொருள். பதிலுக்கு நீங்களும் லிஸ்யே என்றே சொல்லுங்கள். ஆஃப்தல்மாலஜி என்று ஆரம்பித்தால் பாவம், ஆபரேஷன் என்றுதான் பயப்படுவார்.

‘மெட்ராஸ் ஐ’ புரியாததற்கு நீங்கள் காரணமில்லை. அந்தப் பெயர் நம்மூர் எல்லையைத் தாண்டவில்லை. பிரெஞ்சில் கொஞ்ஜொங்க்தீவீத் என்று சொல்லுங்கள், எல்லோருக்கும் புரியும். இங்கிலீஷில் ‘-ஐட்டிஸ்’ என்று முடிவது பிரெஞ்சில் ‘-ஈத்’ ஆகிவிடும், நோய் எதுவானாலும் சரி. அதுபோல இங்கிலீஷ் ‘-ஓமா’ அங்கே ‘-ஓம்’: க்ளாக்கோமா பிரெஞ்சில் க்ளோக்கோம், இரண்டே சிலபிள். ‘-ஓப்பியா’ அங்கே ‘-ஓப்பீ’: மயோப்பியா (கிட்டப்பார்வை) மியோப்பீ ஆகும். இப்படி வால்களை ஜோடி ஜோடியாக ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வேர்கள் இரண்டு மொழிக்கும் பொதுதான், பாதி வேலை மிச்சம்.

போனில் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டிவந்தால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். இங்கிலீஷ் ஜி எழுத்தின் பிரெஞ்சுப் பெயர் ‘ஜே’. இங்கிலீஷ் ஜே எழுத்தின் பிரெஞ்சுப் பெயர் ‘ஜி’. நேர் தலைகீழ். இங்கிலீஷில் ‘ஈ’ என்பது ஓர் எழுத்து, பிரெஞ்சில் ‘ஈ’ என்று சொன்னால் அவர்கள் எழுதுவது இங்கிலீஷ் ‘ஐ’. ஹெச் அங்கே ‘ஆஷ்’. வை அங்கே ‘இக்ரெக்’, அதாவது கிரேக்க இகரம். ஒரு மருத்துவச் சொல்லின் நடுவில் இக்ரெக் வந்தால் அது பெரும்பாலும் கிரேக்க வழி வந்தது என்று தைரியமாக வெட்டிப் பார்க்கலாம். ஆக, கண் பிரிவைப் பிரெஞ்சில் எழுத்துக்கூட்டினால்: ஓ, பே, ஆஷ், தே, ஆ, எல், எம், ஓ, எல், ஓ, ஜே, ஈ, அ. எந்த மொழியில் கூட்டப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.